நியூஸ் மெஷின்

ஓசூர் சிப்காட் 1970களில் தொடங்கியது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று பெரிய தொழிற்சாலைகள் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகள் சுற்றிலும் முளைத்தன. 1990களின் நடுவில் அங்கே ஓரளவு பெரிய எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும் இடிபி டிபார்ட்மென்ட் என்று ஓர் அறை இருக்கும். கண்ணாடித் தடுப்பு, ஏசி, வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள். உள்ளே எஸ்சிஓ யூனிக்ஸ் ஓடும் ஒரு மெஷின். அதிலிருந்து சீரியல் கேபிள் இழுத்து டிபார்ட்மென்டுக்கு ஒன்றாக வைஸ் டெர்மினல்கள் வைத்திருப்பார்கள். சம்பளப் பட்டியலும் ஸ்டோர்ஸ் இருப்பும் அதில்தான். கல்லாவியிலிருந்து பஸ் ஏறிப் போய் கிருஷ்ணகிரி அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த எனக்கு முதல் வேலை அப்படி ஓர் அறையில் கிடைத்தது. அந்த அறையின் மூலையில் நான் நிறுவி ஓட்டிய செய்திச் சேவையகத்தை எல்லாரும் நியூஸ் மெஷின் என்றே சொன்னார்கள்.

அந்த மெஷின் பத்திரிகைச் செய்தி எதையும் தாங்கவில்லை. யூஸ்நெட் என்ற ஏற்பாட்டின் ஒரு கண்ணி அது. பேசுபொருளுக்கு ஒரு குழு. குழுவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எழுதியது ஓரிடத்தில் தங்கிவிடாது. எழுதியவரின் மெஷினில் ஒரு நகல், அது பேசும் பக்கத்து மெஷினில் ஒரு நகல் என்று பரவி, சேர்ந்திருந்த ஒவ்வொரு மெஷினிலும் ஒரு முழுப் பிரதி போய் உட்காரும். மையம் என்று ஒன்று கிடையாது. எந்தக் குழுவை வாங்குவது, எதை விடுவது, எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை அந்தந்த மெஷினை நிறுவியவர் தீர்மானித்தார். செய்திச் சேவையகம் ஓட்டும் இந்தத் தொழிலின் வரலாற்றை நான் அந்தத் தீர்மானங்களின் வரலாறாகவே பார்க்கிறேன். தமிழர்கள் கணினி வழியாகப் பொதுவில் பேசிக்கொண்ட தொடக்க காலப் பேச்சில் இன்று எது படிக்கக் கிடைக்கிறது, எது கிடைக்காமல் போயிற்று என்பதும் அவற்றால்தான் அமைந்தது.

1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இரண்டு மாணவர்கள் இதை யோசித்தார்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டீவ் பெல்லோவின் முதல் வடிவத்தை ஷெல் நிரலாக எழுதிப் பார்த்தார். 1980இல் அது வெளியே வந்தது. அவர்களிடம் இருந்த சாதனங்கள் யூனிக்ஸ் மெஷின், மோடம், தொலைபேசி லைன் மட்டுமே. பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் எழுதிய யூயூசிபி, ஒரு யூனிக்ஸ் மெஷின் இன்னொன்றைப் போனில் அழைத்துக் கோப்புகளைக் கொடுத்து வாங்கும் நிரல். அதன் முதுகில் ஏறித்தான் யூஸ்நெட் ஊர் ஊராகப் போனது.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பேசப்பட்ட புளி விலை, அடுத்த சந்தைக்குப் போகிற வியாபாரியோடு போய், அங்கிருந்து இன்னொரு சந்தைக்கு இன்னொருவரோடு போகும். யூஸ்நெட் பதிவும் அப்படித்தான் நகர்ந்தது. ஒரே சேதி இரண்டு வழியாக வந்தால் குழப்பம் வராமலிருக்க இரண்டு ஏற்பாடுகள் செய்திருந்தார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் உலகத்தில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாள எண் உண்டு. கடந்து வந்த ஒவ்வொரு மெஷினும் தன் பெயரைப் பதிவின் தலையில் எழுதிவிடும். ஏற்கெனவே பெயர் எழுதிய மெஷினுக்கு யாரும் அதை மறுபடி அனுப்ப மாட்டார்கள். இத்தனை எளிய இரண்டு விதிகளில் உலகம் முழுக்க ஒரு வலை நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது.

மென்பொருள் தலைமுறை தலைமுறையாக மாறியது. 1981இல் பெர்க்லியில் மார்க் ஹார்ட்டனும் மேட் கிளிக்மனும் பி நியூஸை எழுதினார்கள். 1987இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஜெஃப் காலியரும் ஹென்றி ஸ்பென்சரும் சி நியூஸைக் கொண்டுவந்தார்கள். இதற்கிடையில் 1986இல் பிரையன் கேன்டரும் ஃபில் லாப்ஸ்லியும் என்என்டிபி என்ற நெறிமுறையை வகுத்தார்கள். அதற்குப் பிறகு போன் போட்டுக் கட்டுக் கட்டாக அனுப்ப வேண்டியதில்லை; இணையத்தில் நேராகப் பேசலாம். "இந்த எண்ணுள்ள பதிவு என்னிடம் இருக்கிறது, வேண்டுமா?" என்று ஒரு மெஷின் கேட்கும். வேண்டுமானால் மற்றது 335 என்று பதில் சொல்லும், வேண்டாமென்றால் 435. இதற்கென்று ஒதுக்கிய போர்ட் 119. நான் மனப்பாடமாக வைத்திருக்கும் எண்களில் என் பழைய ஸ்டாஃப் நம்பருக்கு அடுத்தது அதுதான்.

இந்தியாவுக்கு இது எப்படி வந்தது என்பது தனிக் கதை. 1986இல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் நிதியோடு எர்நெட் திட்டத்தைத் தொடங்கியது. பம்பாயில் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமான என்சிஎஸ்டி, பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம், மெட்ராஸ் உள்ளிட்ட ஐந்து ஐஐடிகள், டெல்லியில் அந்தத் துறையின் அலுவலகம் என எட்டு இடங்கள். என்சிஎஸ்டியில் அதை முன்னின்று நடத்தியவர் சீனிவாசன் ரமணி. 1989இல் பம்பாயிலிருந்து அமெரிக்காவின் யூயூநெட் நிறுவனத்துக்கு ஒரு வாடகை லைன் கிடைத்தது. வேகம் நொடிக்கு 9600 பிட்.

இந்த எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 24 மணி நேரமும் ஒரு நொடிகூட ஓயாமல் ஓடினாலும் அந்த லைனில் ஒரு நாளில் போகக்கூடியது 100 மெகாபைட் அளவுதான். நாட்டின் ஆராய்ச்சி நிறுவனங்களுடைய மின்னஞ்சல் அத்தனையும் அதில் போக வேண்டும். உலகத்து யூஸ்நெட் முழுவதையும் அதற்குள் திணிக்க வழியே இல்லை. ஆகவே இந்த நாட்டில் செய்திச் சேவையகம் ஓட்டியவர்களுக்கு முதல் வேலையே பொறுக்கி எடுப்பதுதான். யூனிக்ஸ், சி மொழி, கணிதம் பற்றிய குழுக்கள் முதலில். பண்பாடும் பாட்டும் இடமிருந்தால் பிறகு. வெளிநாட்டில் படிக்கப் போன நம் பிள்ளைகள் எழுதியவற்றில் சிறு பகுதிதான் இங்கே வந்து சேர்ந்தது. இந்தியா யூஸ்நெட்டில் குறைவாகப் பேசியதற்கு நான் முதல் காரணமாகச் சொல்வது இந்தக் குறுகிய லைனை.

எர்நெட் கல்லூரிகளுக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும். தொழிற்சாலைகளுக்கு வேறு வழிகள் தேவைப்பட்டன. பெங்களூரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1980களின் நடுவிலேயே தனக்கென்று செயற்கைக்கோள் இணைப்பு வைத்திருந்தது. அவ்வளவு வசதி மற்றவர்களுக்குக் கிடையாது. அதே பெங்களூரில் அதுல் சிட்னிஸ் 1989 முதல் சிக்ஸ் என்ற மோடம் வழிச் சேவையை வீட்டிலிருந்தே நடத்தினார். அவர் பிற்பாடு பிசிக்வெஸ்ட் இதழில் எழுத, 1996இல் அந்த இதழோடு லினக்ஸ் குறுந்தட்டு வந்தது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் என் வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் யூனிக்ஸைத் தங்கள் கையால் முதன்முதலில் நிறுவிப் பார்த்தது அந்தத் தட்டிலிருந்துதான். காசு கொடுத்து எஸ்சிஓ உரிமம் வாங்க முடியாத இடத்துக்கெல்லாம் அது யூனிக்ஸைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இந்தப் பக்கத்து கம்ப்யூட்டர் வரலாற்றை யாராவது எழுதினால் அந்தத் தட்டுக்கு ஒரு முழு அத்தியாயம் தர வேண்டும்.

எங்கள் தொழிற்சாலையில் நியூஸ் மெஷின் வந்ததற்குக் காரணம் ஷிப்ட் மாற்றம். இரவு ஷிப்டில் ஒரு டை உடைந்தால், காலை ஷிப்டுக்கு வருகிறவருக்கு அது ஒரு துண்டுச் சீட்டில்தான் தெரியும். சீட்டு எண்ணெயில் நனைந்திருக்கும், அல்லது காணாமல் போயிருக்கும். டூல் ரூம், மெயின்டனன்ஸ், குவாலிட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்திக் குழு வைத்தால், எழுதியது அப்படியே நிற்கும், யாரும் எப்போதும் பார்க்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன்.

"ஏம்மா, இதுக்கு எவ்ளோ செலவு?" என்று மேனேஜர் கேட்டார்.

"ஸ்டோர்ஸ்ல சும்மா கிடக்குற 486 ஒண்ணு போதும் சார். சாஃப்ட்வேர் இலவசம்."

"இலவசம்னா யாரு பாத்துக்குவாங்க?"

"நான் பாத்துக்குறேன் சார்."

அந்தக் கடைசி பதில்தான் இந்தத் தொழிலின் முழு இலக்கணம்.

நான் எடுத்துக்கொண்ட மென்பொருள் ஐஎன்என். ரிச் சால்ஸ் எழுதி 1992இல் வெளியிட்டது. அதற்கு முன்னிருந்த முறையில், உள்ளே வரும் ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக ஒரு நிரல் கிளம்பும். வந்த பதிவுகள் கட்டாகக் காத்திருக்கும். பிறகு இன்னொரு நிரல் வந்து அவற்றைப் பிரித்து அடுக்கும். சால்ஸ் இதைத் தலைகீழாக்கினார். இன்டி என்ற ஒரே நிரல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதுவே எல்லா இணைப்புகளையும் கவனிக்கும். பதிவு வந்த கணமே அதற்குரிய இடத்தில் வைத்து, யார் யாருக்கு அனுப்ப வேண்டுமோ அந்த வரிசையில் சேர்த்துவிடும். படிக்க வருகிறவர்களுக்கு என்என்ஆர்பிடி என்று தனி நிரல். வாங்கி அடுக்குகிற வேலையையும் எடுத்துக் காட்டுகிற வேலையையும் இப்படிப் பிரித்து வைத்ததுதான் ஐஎன்என்னை முப்பது வருடத்துக்கு மேலாக நிற்க வைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

இன்று அதை நிறுவ ஒரு வரி போதும். அப்போது மூல நிரலை எடுத்து நாமே கட்ட வேண்டும். அதற்கு முன் கான்ஃபிக்.டேட்டா என்ற கோப்பைத் திறந்து, நம்முடைய யூனிக்ஸ் எப்படிப்பட்டது என்று பக்கம் பக்கமாகப் பதில் எழுத வேண்டும். அதில் ஆக்டிவ் கோப்பை எப்படிக் கையாளுவது என்று ஓர் இடம் வரும். சேவையகத்தில் உள்ள குழுக்களின் பெயரும் ஒவ்வொன்றிலும் கடைசியாக வந்த பதிவின் எண்ணும் இருக்கும் பட்டியல்தான் ஆக்டிவ். அதை நினைவகத்தோடு நேரடியாகப் பிணைக்கலாம், அல்லது படித்துப் படித்து எழுதலாம். பிணைப்பதுதான் வேகம். ஆனால் அன்றைய லினக்ஸால் அந்தப் பிணைப்பை எழுதுவதற்குப் பயன்படுத்த முடியாது. ஆகவே ரீட் என்று போட வேண்டும். இதை அறியாமல் கட்டினால் எல்லாம் ஓடுவதுபோலத் தெரியும், எண்கள் மட்டும் தப்பாக நிற்கும்.

அடுத்தது வட்டு. ஒவ்வொரு பதிவும் ஒரு தனிக் கோப்பு. குழுவின் பெயரே அடைவு, பதிவின் எண்ணே கோப்பின் பெயர். யூனிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் ஐநோட் வேண்டும். வட்டைத் தயார் செய்யும்போதே எத்தனை ஐநோட் என்று முடிவாகிவிடும். வழக்கமாக 4096 பைட்டுக்கு ஒன்று. பதிவுகளோ பெரும்பாலும் அதைவிடச் சின்னவை. அப்படியே விட்டால் வட்டில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே இடமில்லை என்று மெஷின் நின்றுவிடும். 2048க்கு ஒன்று என்று வைத்துத் தயார் செய்வது செய்திச் சேவையகம் வைப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம். ஓலாஃப் கிர்க் எழுதிய லினக்ஸ் பிணைய நிர்வாகிகளுக்கான கையேடு அப்போது கையிலிருந்த ஒரே துணை. அதில் சி நியூஸ் பற்றித்தான் இருந்தது. ஆனாலும் ஒரு பதிவு எப்படி ஊர்கிறது என்பதை அவ்வளவு தெளிவாகச் சொன்ன புத்தகத்தை நான் வேறு பார்த்ததில்லை.

1024க்குக் கீழுள்ள போர்ட்டை யூனிக்ஸில் ரூட் மட்டுமே திறக்க முடியும். ஆனால் செய்திச் சேவையகம் முழுவதையும் ரூட் பெயரில் ஓட்டுவது ஆபத்து. அதனால் ஒரு சின்ன நிரல் ரூட்டாக எழுந்து 119ஐத் திறந்து, இன்டியிடம் கொடுத்துவிட்டு, நியூஸ் என்ற சாதாரணப் பயனராக மாறிவிடும். அதிகாரத்தைத் தேவையான ஒரு கணத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடுக்கும் இந்த அமைப்பை என்னிடம் யூனிக்ஸ் கற்க வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் முதலில் விளக்கியிருக்கிறேன்.

உள்ளூர்க் குழுக்கள் ஓடத் தொடங்கியதும் வெளிக் குழுக்கள் சிலவற்றையும் வாங்க அனுமதி கிடைத்தது. பெங்களூரில் இருந்த ஒரு மின்னஞ்சல் சேவையிடமிருந்து யூயூசிபி வழியாக வரும். அதாவது எங்கள் மோடம் அவர்களை எஸ்டிடியில் அழைக்க வேண்டும். இரவு 11 மணிக்கு மேல் எஸ்டிடிக்குக் கால் பங்குக் கட்டணம்தான். எஸ்டிடி பூத்துகளில் அந்நேரம் வரிசை நின்றதை அந்தக் காலத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே ஃபீட் என்று நாங்கள் சொல்லும் இந்த வரத்து ராத்திரியில்தான். ஆனால் ராத்திரியில் நான் அங்கே இருக்கக் கூடாது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணியிலிருந்து இரவு 7 மணி வரை தவிர மற்ற நேரத்தில் பெண்களைத் தொழிற்சாலையில் வேலை வாங்கக் கூடாது என்றது. பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. நான் வேலை பார்த்த காலத்தில் அது அமலில் இருந்தது.

அதனால் என் மெஷின் தனியாகவே இரவைக் கடக்கப் பழக வேண்டியிருந்தது. கிரானில் நேரம் குறித்தால் 11 அடித்ததும் மோடம் அழைக்கும். சுருக்கிக் கட்டிய கட்டுகள் வந்து இறங்கும். ஆர்நியூஸ் அவற்றைப் பிரித்து இன்டியிடம் கொடுக்கும். இன்வாட்ச் என்ற காவல் நிரல் வட்டில் இடம் குறைகிறதா, மெஷினின் பளு கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டினால் புதிய பதிவு வாங்குவதை நிறுத்தி வைக்கும். விடியும் முன் நியூஸ்.டெய்லி ஓடி, கெடு முடிந்தவற்றைக் கழித்து, ராத்திரி நடந்ததையெல்லாம் ஓர் அறிக்கையாக எனக்கு அனுப்பும். "மேடம், ராத்திரி அந்தப் பொட்டி கத்திட்டே இருந்துச்சு" என்று வாட்ச்மேன் அண்ணன் கேட்டில் சொன்னால், ஃபீட் வந்துவிட்டது என்று அறிக்கையைப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் உள்ளூர்க் குழுக்களில் எழுதப்பட்டதைச் சொல்ல வேண்டும். ஓசூர் எல்லை ஊர். ஒரே லைனில் தமிழ்க்காரர், கன்னடக்காரர், தெலுங்குக்காரர் நிற்பார்கள். வைஸ் டெர்மினலில் ஆங்கில எழுத்து மட்டும்தான் வரும். மூன்று மொழிக்காரர்களும் அதே எழுத்தில் அவரவர் மொழியை எழுதினார்கள். மற்றவர்களும் வாய்விட்டுப் படித்தே புரிந்துகொண்டார்கள். டை உடைந்த கதை, ஏர் லைன் கசிவு, கம்பெனி பஸ் ராயக்கோட்டை வழியா சூளகிரி வழியா என்ற தகராறு. ஒரு தொழிற்சாலையின் அன்றாடம் அதில் தொழிலாளிகளின் வாயிலிருந்தே பதிவானது. அலுவலகக் கோப்புகளில் அப்படி ஒரு குரல் கிடைக்காது.

வெளிக் குழுக்களில் நான் முதலில் கேட்டு வாங்கியது சாக்.கல்ச்சர்.தமிழ். பழகியவர்கள் எஸ்சிடி என்பார்கள். இப்படி ஒரு குழு தொடங்குவது அப்போது சுலபமில்லை. முதலில் முன்மொழிந்து விவாதிக்க வேண்டும், பிறகு உலகெங்கும் உள்ளவர்கள் மின்னஞ்சலில் வாக்களிக்க வேண்டும். ஆதரவு எதிர்ப்பைவிட குறைந்தது 100 வாக்கு கூடுதலாகவும், மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்காகவும் இருந்தால்தான் குழு பிறக்கும். ஒரு தனி நாடு இல்லாத மொழிக்குத் தன் பெயரில் ஒரு குழு கிடைத்தது சின்ன விஷயமில்லை.

அதில் குறளுக்குப் பொருள் சொல்வார்கள், சங்கப் பாடலுக்குச் சண்டை போடுவார்கள், இளையராஜாவின் ராகங்களை ஆராய்வார்கள். இலங்கைப் போர் பற்றிய வாதங்கள் இலங்கைக் குழுவுக்கும் இதற்குமாகச் சேர்த்தே போடப்படும். அவற்றில் கோபமும் துக்கமும் கலந்திருக்கும். எல்லாம் ஆங்கிலத்தில், அல்லது ஆங்கில எழுத்தில் தமிழ். என்என்டிபி வகுக்கப்பட்டபோது 7 பிட் ஆஸ்கி எழுத்துகளையே கணக்கில் வைத்தார்கள். 128 இடம், அதில் ஆங்கிலம் உட்கார்ந்துவிட்டது. தமிழுக்கு இருந்த ஒரே வழி அந்த எழுத்துகளையே கடன் வாங்குவது.

கடன் வாங்கியதிலும் ஓர் ஒழுங்கு பிறந்தது. சிறிய எழுத்துக்கு ஓர் ஒலி, பெரிய எழுத்துக்கு இன்னொன்று. தந்நகரத்துக்கு டபிள்யூ, ழகரத்துக்கு இசட். அமெரிக்காவிலிருந்த பாலா சுவாமிநாதன் யூனிக்ஸில் மதுரை என்ற நிரலை எழுதினார். இந்த முறையில் அடித்ததை அது தமிழ் எழுத்தாக மாற்றிக் கொடுக்கும். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைத் தந்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். இந்த எழுத்துருக்களில் பல, தமிழை மேலே உள்ள 128 இடங்களில் வைத்தன. அதற்கு எட்டாவது பிட் வேண்டும். ஐஎன்என் எட்டாவது பிட்டைத் தொடாமல் அப்படியே கடத்தியது. வழியில் பழைய மென்பொருள் ஓடும் மெஷின் ஒன்று குறுக்கிட்டு அந்தப் பிட்டை வெட்டிவிட்டால், தமிழாகக் கிளம்பியது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து சேரும். எழுத்துருக்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாத சிக்கல் இதற்கு மேல். அதைத் தீர்க்கத்தான் 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. டிஸ்கி, டாம், டாப் என்று தரங்கள் வந்தன. இறுதியில் எல்லாம் யூனிகோடில் போய்ச் சேர்ந்தன.

எங்கள் டூல் ரூமில் ஓர் அண்ணன் மத்தியான இடைவேளையில் டெர்மினல் முன்னால் வந்து நிற்பார். "எஸ்சிடி வந்துச்சாம்மா?" என்பார். அவர் முறைப்படி படித்தது ஐடிஐ வரைதான். ஆங்கில எழுத்தில் இருந்த சங்கப் பாடலை எழுத்துக்கூட்டி மெல்ல வாசித்து, தமிழாகக் காதில் விழுந்ததும் தலையசைப்பார். பெங்களூரிலிருந்து மட்டுமல்ல, பாஸ்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் அந்தப் பாட்டை யாரோ அனுப்பியிருப்பார்கள்.

இப்போது கழிக்கும் வேலைக்கு வருகிறேன். எக்ஸ்பயர்.சிடிஎல் என்ற கோப்பில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வரி. குறைந்தபட்சம் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், அதிகபட்சம் எத்தனை நாள். கெடு முடிந்தால் பதிவு அழிந்துவிடும். அதே கோப்பில் நினைவு வைத்திருக்கச் சொல்லும் ஒரு வரியும் உண்டு: பதிவை அழித்த பிறகும் அதன் அடையாள எண்ணை இத்தனை நாள் வைத்திரு. அதே பதிவு வேறு வழியாகத் தாமதமாக வந்தால் புதிதென்று மறுபடி வாங்காமலிருக்க அந்த ஏற்பாடு. வட்டு சின்னது என்பதால் உலகெங்கும் நிர்வாகிகள் தொழில்நுட்பக் குழுக்களுக்கு அதிக நாளும் பண்பாட்டுக் குழுக்களுக்குக் குறைந்த நாளும் தருவது வழக்கம். எங்கள் மெஷினில் நான் எஸ்சிடிக்கு நீண்ட கெடு கொடுத்தேன். உள்ளூர்க் குழுக்களை நாடாவில் எடுத்து வைத்தேன்.

யூஸ்நெட்டின் பழைய நினைவு இன்று ஓரளவாவது இருப்பதற்குக் காரணம் அழிக்க மனம் வராத சிலர். டொராண்டோவில் விலங்கியல் துறையின் மெஷினைக் கவனித்துக்கொண்ட ஹென்றி ஸ்பென்சர், சி நியூஸை எழுதியவர்களில் ஒருவர் என்று மேலே சொன்னேனே அவரேதான், 1981 முதல் 1991 வரை வந்ததை நாடாக்களில் சேமித்தார். சுமார் 20 லட்சம் பதிவுகள். பிறகு வந்த ஆண்டுகளுக்கு கென்ட் லேண்ட்ஃபீல்ட் வெளியிட்ட குறுந்தட்டுகள் உதவின. 1995இலிருந்து டேஜா நியூஸ் நிறுவனம் சேமித்தது. 2001 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கி, மற்றவற்றையும் சேர்த்து, அதே ஆண்டு டிசம்பரில் 70 கோடிப் பதிவுகளோடு இருபது ஆண்டுத் தொகுப்பாக வெளியிட்டது. 2024 பிப்ரவரி 22ஆம் தேதியோடு கூகுள் யூஸ்நெட்டில் புதிய பதிவுகளை வாங்குவதையும் அனுப்புவதையும் நிறுத்திக்கொண்டது. பழையவை இன்னும் படிக்கக் கிடைக்கின்றன. ஒரு நிறுவனத்தின் விருப்பத்தில் அவை நிற்கின்றன என்பது எனக்குக் கவலை தரும் விஷயம். ஆயிரம் மெஷினில் ஆயிரம் பிரதியாக இருந்ததன் பலமே போய்விட்டது.

யூஸ்நெட் தளர்ந்ததற்குக் காரணங்கள் பல, எல்லாருக்கும் தெரிந்தவை. 1994 ஏப்ரலில் இரண்டு அமெரிக்க வழக்கறிஞர்கள் கிரீன் கார்டு விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் கொட்டியது தொடக்கம். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொது மக்களுக்கு இணையம் தந்தபோது ஷெல் கணக்கு வைத்திருந்தவர்கள் டின் நிரலில் குழுக்களைப் படித்தார்கள். ஆனால் பிரவுசர் வந்ததும் பார்வை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 1998இல் தனியார் நிறுவனங்கள் இணையச் சேவைக்கு வந்தபோது செய்திச் சேவையகத்தை யாரும் முக்கியமாக நினைக்கவில்லை. எல்லாம் தொடங்கிய டியூக் பல்கலைக்கழகமே 2010இல் தன் சேவையகத்தை மூடியது. எங்கள் நியூஸ் மெஷின் அதற்கு வெகு முன்பே அணைந்துவிட்டது.

மென்பொருள் மட்டும் அணையவில்லை. 1996இலிருந்து ஐஎஸ்சி என்ற அமைப்பு ஐஎன்என்னைப் பராமரித்தது. அதன் பின் ரஸ் ஆல்பெரி, ஜூலியன் எலி போன்றவர்கள் தங்கள் நேரத்தைக் கொடுத்து வளர்த்து வருகிறார்கள். 2022இல் 2.7 வந்தது. அதற்கு முன்பே, 2006 அக்டோபரில், என்என்டிபி நெறிமுறை திருத்தி எழுதப்பட்டபோது, அதன் இயல்பான எழுத்துமுறை ஆஸ்கியிலிருந்து யூனிகோடின் யூடிஎஃப் 8 ஆனது. தமிழ் எழுத்து தமிழாகவே போகும் உரிமை நெறிமுறையிலேயே எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பக்கத்தைப் படித்த அன்று டூல் ரூம் அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது கல்லாவியில் என் வீட்டில் ஐஎன்என் ஓடுகிறது. டெபியன் லினக்ஸ், பழைய டெஸ்க்டாப் ஒன்று, நிலையான ஐபி முகவரிக்குத் தனியாகக் கட்டணம். பொது முகவரி இல்லாத வீட்டு இணைப்பில் வெளி மெஷின்கள் 119க்கு வர முடியாது. கோடையில் மின்சாரம் போனால் கவலை இல்லை. எனக்கு ஃபீட் தருகிற மெஷின்கள் பதிவுகளைத் தங்களிடம் வரிசையாக வைத்திருந்து, நான் எழுந்ததும் கொடுத்துவிடும். எழுத்துப் பதிவுகள் மட்டும் வாங்குவதால் இன்றைய வட்டில் இடம் ஒரு பொருட்டே இல்லை. தமிழ்க் குழுவின் எக்ஸ்பயர் வரியில் மூன்று இடத்திலும் 'நெவர்' என்று போட்டிருக்கிறேன். ட்ராட்ஸ்பூல் முறையில் சேமிப்பதால் ஒவ்வொரு பதிவும் தனிக் கோப்பு. நாளைக்கு ஐஎன்என்னே இல்லாவிட்டாலும் எந்த எடிட்டரிலும் திறக்கலாம்.

இதைப் படிப்பவர்களில் 1990களில் வெளிநாட்டில் படித்தவர்கள், எர்நெட் கல்லூரிகளில் சிஸ்டம் பார்த்தவர்கள், பெங்களூரிலும் ஓசூரிலும் சர்வர் அறையில் இருந்தவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் பழைய நாடா, ஃப்ளாப்பி, குறுந்தட்டு எதிலாவது தமிழ்ப் பதிவுகள் இருக்கலாம், தூக்கிப் போடாதீர்கள். குவார்ட்டர் இன்ச் நாடாவாக இருந்தால் பழைய டிரைவின் ரப்பர் உருளை இளகிப் பிசுபிசுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இளகியிருந்தால் நாடாவை உள்ளே விடக் கூடாது. டிடி கட்டளையால் அப்படியே முழுப் பிரதி எடுத்துக்கொண்டு, பிரித்துப் பார்ப்பதைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். டிஸ்கியோ மயிலையோ என்று எழுத்துமுறையை மாற்றும் முன் மூலத்தைத் தனியாக வையுங்கள். தலைப்பு வரிகளை வெட்டாதீர்கள். எந்த எந்த மெஷின் வழியாக அந்தப் பதிவு வந்தது என்பது அதில்தான் இருக்கிறது. பிறகு ஐஎன்என்னில் ஏற்றலாம். இயல்பாக அது 10 நாளுக்கு மேல் பழையதை வாங்காது, இன்.கான்ஃப் கோப்பில் ஆர்ட்கட்ஆஃப் அளவைப் பூஜ்யமாக்கினால் 1992ஆம் வருடத்துப் பதிவையும் வாங்கிக்கொள்ளும். வெளியே அனுப்பும் ஃபீடுகளை அந்த நேரத்துக்கு நிறுத்தி வைத்துவிட்டு, ஆர்நியூஸ் வழியாக ஒரு குழுவிலிருந்து தொடங்குங்கள்.